எட்டாவது வாரத்தில் பிரசவத்துக்கு இடம் பார்ப்பது: தங்கச்சிமடத்திலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

கேட்டவர் தங்கச்சிமடத்தில் வாழ்க்கைப்பட்ட பெண். வயது 23, தலைப்பிரசவம், இப்போது எட்டாவது வாரம். நவம்பர் நடுவில் தேதி சொல்லியிருக்கிறார்கள். மாமியார் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியைச் சொல்கிறார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா மூக்கையூருக்குக் கூப்பிடுகிறார். நாத்தனாரோ மதுரைக்கே போய்விடு என்கிறார். தெருவில் சமீபத்தில் பெற்ற எல்லோருக்கும் ஆபரேஷன் என்பதால் பயம் வேறு. யூடியூபில் வீட்டிலேயே தண்ணீர்த் தொட்டியில் பிள்ளை பெற்றவர்களைப் பார்த்து அதிலும் ஓர் ஆசை. கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். "இதில் எதை இப்போதே முடிவு செய்ய வேண்டும், எதைத் தள்ளி வைக்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, நான் இந்த மாவட்டத்துக் கடற்கரையில் கிராம சுகாதார செவிலியராகவும் பிரசவ வார்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டாக்டர் சொல்வதற்கு மேல் நான் எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் இந்தக் கேள்வியை எந்த வரிசையில் யோசிப்பது என்று சொல்ல முடியும். எல்லோரும் ஆஸ்பத்திரி பெயரில்தான் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அக்டோபர் கடைசியில், வலி எந்த நேரத்திலும் எடுக்கலாம் என்ற நிலையில், எந்த வீட்டில் படுத்திருப்பீர்கள்? அந்த வீட்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் எத்தனை நிமிடத் தொலைவு? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற முடிவுகளில் பாதி தானாக வந்துவிடும்.

தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 45 கிலோமீட்டர். ராமேஸ்வரம் தீவை விட்டு வெளியே வர 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான் சாலை வழி. சாதாரண நாளில் ஒரு மணி நேரம் போதும். ஆனால் உங்கள் தேதி நவம்பர் நடுவில். வடகிழக்குப் பருவமழையும் புயலும் சேர்ந்து வருகிற மாதம். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட ராத்திரியில் ஆட்டோ கிடைக்காது, 108 வந்து சேரவும் நேரமாகும். மூக்கையூரும் ராமநாதபுரத்துக்குப் பக்கம் இல்லை. அங்கிருந்து சாயல்குடி வந்து, பிறகு கிழக்கே ராமநாதபுரத்துக்கோ, மேற்கே தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போக வேண்டும். இரண்டு பக்கமும் வழி இருப்பது நல்லதுதான். ஆனால் எந்தப் பக்கம் போவது என்பதை வலி எடுத்த பிறகு வாசலில் நின்று பேசக் கூடாது.

தாய்வீட்டுக்குப் போவதை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. அம்மா பக்கத்தில் இருந்தால் பெண் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், பால் கொடுக்க ஆரம்பிக்கும்போது துணை இருக்கிறது. நான் பார்த்த சிக்கல் வேறு. ஏழாம் மாதம் வரை ஓர் இடத்தில் காட்டுகிறார்கள். வளைகாப்பு முடிந்ததும் வண்டியேற்றித் தாய்வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்று இங்கே, ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்று மாமியார் வீட்டு பீரோவில். புது ஊர் செவிலியருக்கு இப்படி ஒருத்தி வந்திருப்பதே பத்து நாள் கழித்துத்தான் தெரிகிறது. பிரஷர் ஏறுவதும், சத்து குறைவதும், குழந்தை திரும்பாமல் இருப்பதும் வெளியே தெரிய வருகிற மாதங்கள் அவைதான். அந்த நேரத்தில்தான் கண் வைத்துப் பார்க்க ஆள் இல்லாமல் போகிறது.

அதனால் மூக்கையூர் என்று முடிவானால் இரண்டு வேலை. உங்கள் கர்ப்பப் பதிவு எண்ணை, ஆர்.சி.ஹெச். எண், பிக்மி நம்பர் என்று சொல்வார்களே, அதை அம்மா வீட்டுப் பகுதி கிராம சுகாதார செவிலியருக்கு ஆறாம் மாதமே தெரிவித்துவிடுங்கள். எந்த ஊருக்குப் போனாலும் அந்த எண் ஒன்றுதான், பதிவுகளும் அதிலேயே தொடரும். அடுத்து, பிரசவம் நடக்கப்போகிற ஆஸ்பத்திரியில் ஏழாம் மாதத்துக்குள் ஒரு தடவையாவது காட்டி, அட்டையில் எழுத வைத்துவிடுங்கள். வலியோடு போகிற நாள்தான் முதல் நாளாக இருக்க வேண்டாம்.

பிக்மி பதிவை 12 வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். தனியாரில் காட்டினாலும் பதிவு வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அதுதான் வாசல். தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு. அதில் 14,000 வங்கிக் கணக்கில் தவணையாக வரும், மீதி 4,000க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும்.

இனி இடங்களைப் பார்ப்போம்.

உங்கள் ஊர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ராத்திரி பகலாக ஸ்டாஃப் நர்ஸ்கள் பிரசவம் பார்க்கிறார்கள். சிக்கலில்லாத பிரசவத்தை, அதிலும் இரண்டாவது மூன்றாவது பிள்ளையை, நன்றாகவே பார்ப்பார்கள். கூட்டம் குறைவு, தெரிந்த முகம், வீடு பக்கம். பரிசோதனைகளுக்கு அதை விட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து. ஆனால் அங்கே ஆபரேஷன் கிடையாது, ரத்தம் கிடையாது. தலைப்பிரசவம் எப்படிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல அளவுகோலும் கிடையாது.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். தீவில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டாவது பிள்ளை, அருமையான சுகப்பிரசவம். குழந்தை அழுதாகிவிட்டது, நஞ்சுக்கொடியும் முழுசாக வந்துவிட்டது, ஊசியும் போட்டாகிவிட்டது. கால் மணி நேரத்தில் கீழே விரித்த துணி நனைந்து மேசை ஓரத்தில் சொட்ட ஆரம்பித்தது. தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் கர்ப்பப்பை இறுகாமல் தொளதொளவென்று கிடந்தது. தேய்த்தோம். இரண்டு கையிலும் டிரிப் ஏற்றினோம், அடுத்த மருந்தும் கொடுத்தோம். 108இல் ஏற்றிய பிறகு ராமநாதபுரம் போய்ச் சேரும் வரை கர்ப்பப்பையை அமுக்கிப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை. பாலத்தின் மேல் காற்றில் வண்டி ஆடியது இப்போதும் உடம்பில் இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் மூன்று பாட்டில் ரத்தம் ஏறிய பிறகு அந்தப் பெண் கண் திறந்து பிள்ளையைக் கேட்டாள். அவளுக்குப் பிரஷர், சுகர், ரத்தசோகை எதுவும் கிடையாது. பிரசவத்துக்குப் பிந்திய ரத்தப்போக்கு அப்படித்தான். யாருக்கு வரும் என்று முன்கூட்டியே தெரியாது. நிறுத்தாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடலாம். தூரத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசுவது இதனால்தான்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான் நாம் பெரியாஸ்பத்திரி என்கிறோம். 2022இல் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு அங்கே டாக்டர்கள் கூடியிருக்கிறார்கள். சீமாங் என்று சொல்கிற பேறுகால அவசர சிகிச்சைப் பிரிவு, ரத்த வங்கி, பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில். ராத்திரி இரண்டு மணிக்கும் ஆபரேஷன் செய்ய ஆள் இருக்கும். செலவு கிடையாது. சுகப்பிரசவமோ சிசேரியனோ மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு, வீடு திரும்ப வண்டி எல்லாம் இலவசம். இது 2011 முதல் மத்திய அரசுத் திட்டமாகவே இருக்கிறது. குறையையும் சொல்ல வேண்டும். கூட்டம் அதிகம். வார்டில் தனிமை கிடைக்காது. வலியில் கத்துகிற பெண்ணைக் குத்தலாகப் பேசுகிற பழக்கம் பிரசவ அறைகளிலிருந்து இன்னும் முழுசாகப் போகவில்லை. எந்த ஆஸ்பத்திரியானாலும் அது தவறு. வலியில் இருக்கிறவளிடம் கடுமையாகப் பேசினால் வலி கூடுமே தவிரக் குறையாது.

அதற்கு மருந்து பிரசவத் துணை. அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறைக்குள் பெண் உறவினர் ஒருவர் கூட இருக்க 2016லேயே மத்திய அரசு அனுமதி கொடுத்துவிட்டது. தானும் பிள்ளை பெற்ற பெண்ணாக இருக்க வேண்டும், தொற்று நோய் எதுவும் இருக்கக் கூடாது, இவைதான் முக்கிய நிபந்தனைகள். பலர் இதைக் கேட்பதே இல்லை. நீங்கள் கேளுங்கள். இடுப்பைத் தேய்த்துவிட, தண்ணீர் கொடுக்க, எழுந்து நடக்க வைக்க, "வலி இப்போ இறங்கிடும்" என்று காதருகே சொல்ல ஆள் இருந்தால் பிரசவம் சீக்கிரம் ஆகிறது, ஆபரேஷனும் குறைகிறது என்று உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அம்மாவா, மாமியாரா, அத்தையா என்று இப்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பதறாத ஆளாக இருக்கட்டும். உறவின் நெருக்கத்தை விட அது முக்கியம்.

தனியார் ஆஸ்பத்திரியில் அறை கிடைக்கும், ஒரே டாக்டரே தொடர்ந்து பார்ப்பார், கேட்ட கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல நேரம் இருக்கும். இவை பெரிய விஷயங்கள்தான். உங்கள் மாமியார் சொல்கிற இடத்தை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் மூன்று மாதத்திலேயே, பணம் கட்டுவதற்கு முன், சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ராத்திரியில் ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து டாக்டர் எங்கிருந்து வருவார், எவ்வளவு நேரம் ஆகும்? ரத்தம் எங்கிருந்து எடுப்பார்கள்? குழந்தைக்கு மூச்சுத் திணறினால் அங்கேயே பார்ப்பார்களா, வேறு இடத்துக்கு அனுப்புவார்களா? உங்கள் டாக்டர் ஊரில் இல்லாத நாளில் யார் பார்ப்பார்? தலைப்பிரசவத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது? சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு, ஆபரேஷனுக்கு எவ்வளவு, குழந்தையைத் தனியாக வைத்துப் பார்த்தால் நாளுக்கு எவ்வளவு? இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடம் நல்ல இடம். "அதெல்லாம் அப்போ பாத்துக்கலாம்மா" என்று சொல்கிற இடத்தில் உங்கள் பிரசவத்தையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஆபரேஷன் பயத்துக்கு வருகிறேன். பயம் வெறும் வதந்தி இல்லை. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு சுமார் 45 பிரசவம் சிசேரியன். தனியாரில் சுமார் 64, அரசில் 36. இந்திய அளவில் 21 அல்லது 22தான். சிக்கலான பிரசவங்களைப் பல இடங்களிலிருந்து அரசு ஆஸ்பத்திரிக்கே அனுப்புகிறார்கள். அப்படியிருந்தும் அங்கே குறைவு, தனியாரில் அதிகம் என்றால், தேவையில்லாத ஆபரேஷன்களும் நடக்கின்றன என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அதற்காக ஆபரேஷன் என்ற சொல்லுக்கே நடுங்க வேண்டாம். நஞ்சு கர்ப்பப்பை வாயை அடைத்துக்கொண்டு கீழே இருந்தால், குழந்தை குறுக்கே கிடந்தால், வலி நடுவில் குழந்தையின் நாடித்துடிப்பு விழுந்தால் ஆபரேஷன்தான் உயிர் காக்கும். அதை ஒரு குறையாகவோ உங்கள் உடம்பின் தோல்வியாகவோ யாராவது பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நான் எதிர்ப்பது நாள் பார்த்து, நட்சத்திரம் பார்த்துக் கிழிப்பதை. 39 வாரம் முடிவதற்கு முன் காரணமில்லாமல் எடுத்த பிள்ளைகளுக்கு நுரையீரல் முழுசாகத் தயாராகாமல் மூச்சு வாங்கி, தாயிடம் இல்லாமல் கண்ணாடிப் பெட்டியில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். முதல் பிரசவம் ஆபரேஷனானால் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு அந்தத் தழும்பின் மேலேயே ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது. ஒவ்வோர் ஆபரேஷனுக்கும் அது ஏறும். அதே நேரம், ஒரு தடவை ஆபரேஷன் ஆனால் எல்லாம் ஆபரேஷன்தான் என்பதும் உண்மையில்லை. பொருத்தமானவர்கள் முயற்சி செய்தால் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்கு அடுத்தது சுகப்பிரசவம் ஆகிறது. அந்த முயற்சியை மட்டும் தியேட்டர் பக்கத்திலேயே இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும். கர்ப்பப்பையில் பழைய தையல் பிரியும் ஆபத்து 200இல் ஒருவருக்கு என்ற அளவில் இருக்கிறது.

ஆபரேஷனைத் தவிர்க்க உங்கள் கையில் இருப்பது என்ன என்று கேட்டால், முதல் பதில் தேதி. ஏழிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் குழந்தையின் வயதைத் துல்லியமாகச் சொல்லும். மாதவிடாய் தேதியை மறந்தவர்களுக்கும், ஒழுங்கில்லாமல் வருகிறவர்களுக்கும் இது ரொம்ப முக்கியம். கடைசியில் "தேதி தாண்டிவிட்டது, வலி வர வைப்போம்" என்று சொல்லும்போது உண்மையிலேயே தாண்டியதா என்பதற்கு அந்தப் பேப்பர்தான் சாட்சி. அதை லேமினேட் செய்து வைத்தாலும் தப்பில்லை. வலி ஆரம்பித்ததும் பதறி ஓடிப்போய் படுக்கையில் விழாமல் இருப்பது அடுத்தது. தலைப்பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் நாலைந்து சென்டிமீட்டர் திறக்கவே பல மணி நேரம் ஆகலாம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கியிருந்தால் இந்த நேரத்தை நடந்தும் குனிந்து நிமிர்ந்தும் கழிக்கலாம். 45 கிலோமீட்டர் தள்ளி இருப்பவளுக்கு அந்த நிம்மதி கிடையாது. ராமநாதபுரத்திலோ உச்சிப்புளியிலோ உறவினர் வீடு இருந்தால் நவம்பர் முதல் வாரமே அங்கே போய் இருந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் மழை எச்சரிக்கை வந்ததுமே பெரியாஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிடுங்கள். தீவிலிருந்து வருகிறோம் என்று சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் கிராம சுகாதார செவிலியரை முன்கூட்டியே பேசி வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் பெறுவதைப் பற்றி. இது யாரோ கெட்டவர்கள் செய்கிற காரியம் என்று நான் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பட்ட அவமானமும் கத்தி பயமும்தான் பெண்களை அங்கே தள்ளுகின்றன. நம் பாட்டிமார் காலத்து மருத்துவச்சிகளிடம் கைப்பக்குவம் இருந்தது, பொறுமை இருந்தது. ஆனால் அந்தப் பாட்டிமார் பெற்றதில் எத்தனை பிள்ளை தங்கியது, எந்த வீட்டில் தாய் போனாள் என்பதையும் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். இங்கிலாந்தில் 64,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 2011இல் ஓர் ஆய்வு வந்தது. எல்லோரும் எந்தச் சிக்கலும் இல்லாதவர்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் பிரசவம் பார்க்கவே படித்துப் பதிவு பெற்ற மிட்வைஃப்கள். அப்படியும், தலைப்பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொண்டவர்களில் 100க்கு 45 பேரைக் கடைசியில் ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது, குழந்தைகளுக்கு ஆபத்தும் கூடியிருந்தது. இரண்டாவது மூன்றாவது பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அங்கே வீட்டுப் பிரசவத்தின் பின்னால் ஆம்புலன்சும் ஆஸ்பத்திரியும் ஓர் ஏற்பாடாக நிற்கின்றன. நம் ஊரில் வீட்டில் பிரசவம் பார்க்க அப்படிப் பதிவு பெற்ற மிட்வைஃப் யாரும் உங்கள் வாசலுக்கு வரப்போவதில்லை. 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ரத்தப்போக்கு நிற்காமல் ஓர் இளம் தாய் இறந்துபோனாள். உங்களுக்குத் தலைப்பிரசவம், இருப்பது தீவில், மாதம் நவம்பர். வேண்டாம் தங்கச்சி.

அந்த வீடியோவில் உங்களை இழுத்தது எது என்று யோசித்தால், பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்கக் கூடியதாகத்தான் இருக்கும். வலி நேரத்தில் நடக்க விடுவது, பக்கவாட்டில் படுத்தோ உட்கார்ந்தோ முக்குவது, தேவையில்லாமல் பிறப்புறுப்பின் வாயைக் கத்தரிக்காமல் இருப்பது, குழந்தையை உடனே நெஞ்சில் போடுவது, தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டுவது. இவற்றையெல்லாம் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. எழுதிக் கொடுத்து, அடுத்த முறை பார்க்கும்போது டாக்டரிடமோ நர்ஸிடமோ காட்டிப் பேசுங்கள்.

மதுரைக்கு எப்போது? ராமநாதபுரத்திலிருந்து சுமார் 115 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்கு மேல். வலியோடு கிளம்பிப் போகிற தூரம் இல்லை. தாய்க்கு இதய நோய் இருந்தால், ஒரே நஞ்சைப் பங்குபோடும் இரட்டைக் குழந்தைகள் என்றால், ஸ்கேனில் குழந்தைக்குப் பிறந்ததும் அறுவை சிகிச்சை தேவைப்படும் குறை தெரிந்தால், அப்போது மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனை போன்ற இடம் வேண்டும். அதுவும் வாரங்களுக்கு முன்பே போய்த் தங்குகிற ஏற்பாட்டோடு. எதுவும் இல்லாதபோது மதுரைக்குப் போவதால் பாதுகாப்பு கூடுவதில்லை, அலைச்சல்தான் கூடும்.

இப்போது சொன்ன எந்த முடிவும் மாறலாம். மாற வைப்பது பரிசோதனைதான். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது உண்டு. ஒரே அளவு ரத்தப்போக்கை 12 இருக்கிறவள் தாங்குவாள், 7 இருக்கிறவள் தாங்க மாட்டாள். அதனால் இப்போது ஃபோலிக் ஆசிட், நாலாம் மாதத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரை. டீயோடு போடாதீர்கள், சத்து சேராது. எலுமிச்சைச் சாறோடு போடலாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சுகர் டெஸ்டில் 140 தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் தடவை சரியாக இருந்தாலும் ஆறாம் மாதம் திரும்ப எடுக்க வேண்டும். ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் இப்போதே தெரிய வேண்டும், அதற்குத் தனி ஊசி உண்டு. 11லிருந்து 13 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18லிருந்து 20 வாரத்துக்குள் உறுப்புகள் பார்க்கும் ஸ்கேன். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர் என்றால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். 20 வார ஸ்கேனில் நஞ்சு கீழே இருக்கிறது என்று எழுதினால் அழ வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு அது மேலே ஏறிவிடும். எட்டாம் மாதமும் ஏறாவிட்டால்தான் இடம் பற்றிய பேச்சே மாறும், அப்போது பெரியாஸ்பத்திரி ஒன்றுதான் வழி.

கணவர் கடலில் இருக்கும்போது வலி வந்தால் யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். நீங்களே போடலாம். வயது வந்த பெண்ணின் சிகிச்சைக்கு அவளுடைய சம்மதம்தான் சட்டப்படி சம்மதம். கணவர் வரட்டும் என்று யாராவது ஆபரேஷனை நிறுத்தி வைத்தால் "நான் போடுறேன்" என்று சொல்லிவிடுங்கள். தேதிக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வாரம் அவர் கரையில் இருக்க முடிந்தால் நல்லது. ஆனால் அவர் இல்லாமலும் நடக்கிற மாதிரி ஏற்பாடு செய்து வையுங்கள். நம் கடலில் போகிறவர் எந்த நாள் திரும்புவார் என்பது அவர் கையில் மட்டும் இல்லை. ரத்தம் கொடுக்க இரண்டு பேர், வண்டி வைத்திருக்கிற ஒருவர், பேப்பர்கள் இருக்கும் பை எங்கே என்று தெரிந்த ஒருவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கையில் காசு வராது. தனியார் என்று முடிவு செய்தால் அந்த இரண்டு மாதத்தையும் கணக்கில் வைத்துத்தான் பணம் ஒதுக்க வேண்டும்.

நீங்கள் கடலில் பாசி எடுக்கப் போகிறவரா என்று எழுதவில்லை. போகிறவராக இருந்தால் மூச்சைப் பிடித்து முங்குவதை இந்தக் கர்ப்பம் முடியும் வரை நிறுத்துங்கள். தண்ணீருக்கு ஒரே நேரத்தில் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இரண்டு குடம் தூக்க வேண்டாம். மீன் தாராளமாகச் சாப்பிடுங்கள், சாளை, நெத்திலி, காரல் மாதிரி சிறு மீன்கள்தான் நல்லது. பெரிய சுறாவிலும் பெரிய சூரையிலும் பாதரசம் சேர்ந்திருக்கும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாக, நவம்பருக்குக் காத்திருக்காத ஒரு விஷயம். நீங்கள் இன்னும் ஸ்கேன் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே எடுங்கள். கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். குழாயில் தங்கிய கரு வெடிப்பது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்தும் வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றி மயங்கி வருவது, ரத்தக்கசிவு, இவற்றில் எது வந்தாலும் வாயுப் பிடிப்பு என்று சீரகத் தண்ணீர் குடித்துப் படுக்காதீர்கள். ராத்திரியானாலும் 108ஐக் கூப்பிட்டு ராமநாதபுரத்துக்குக் கிளம்பிவிடுங்கள், கணவர் கரைக்கு வரட்டும் என்று இருக்க வேண்டாம்.